அம்பாசிடரில் டைனமோவைக் கழற்றி ஆல்டர்நேட்டர் போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் லூகாஸ் டைனமோவும் உள்ள பழைய அம்பாசிடர்களை மனதில் வைத்து எழுதியது இது. டைனமோ, ஆல்டர்நேட்டர் இரண்டுமே இன்ஜின் சுற்றும்போது மின்சாரம் தயாரித்துப் பேட்டரியை சார்ஜ் செய்பவை; டைனமோ பழைய வகை, ஆல்டர்நேட்டர் பிற்கால வகை. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழிவந்த வண்டி, பிஎம்சி பி-சீரீஸ் இன்ஜின். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும் ஒயரிங் பகுதி ஏறக்குறைய அப்படியே பொருந்தும். ஃபியட், பத்மினிக்கு பிராக்கெட் வேறு, கணக்கு ஒன்றுதான்.

டைனமோ ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மாற்றியே ஆக வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சுற்று போய்வந்து ஷெட்டில் நிறுத்துகிற வண்டி என்றால் வேண்டாம். டைனமோவுக்குப் புது கார்பன் பிரஷ் போட்டு, பின்பக்கத் துளையில் நாலு சொட்டு இன்ஜின் ஆயில் விட்டால் போதும். அந்தத் துளையை மறந்து, பின்பக்க புஷ் தேய்ந்து செத்த டைனமோக்கள்தான் ஏராளம்.

இரவில், மழையில், நகர நெரிசலில் ஓட்டுவதாக இருந்தால் கதை வேறு. லூகாஸ் சி40 டைனமோவின் உச்சம் 22 ஆம்பியர். அதுவும் வண்டி நல்ல வேகத்தில் போகும்போது. ஐட்லிங்கில் அது தருவது ஏறக்குறைய பூஜ்யம். சிக்னலில் நிற்கும்போது டேஷ்போர்டில் உள்ள சிவப்பு சார்ஜ் விளக்கு லேசாக எரிவதும் ஹெட்லைட் மஞ்சளாகி மங்குவதும் கோளாறு அல்ல, டைனமோவின் இயல்பே அதுதான்.

மாற்றும் முன் டைனமோ உண்மையிலேயே பலவீனமா என்று பார்ப்பது எப்படி?

பத்து நிமிட வேலை. டைனமோவிலிருந்து இரண்டு ஒயரையும் கழற்றுங்கள். பெரிய டெர்மினல் டி, சின்னது எஃப். இரண்டையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து, அங்கிருந்து டைனமோ பாடிக்கு மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஸ்டார்ட் செய்து மெதுவாக வேகம் கூட்டினால், 1000 ஆர்பிஎம் நெருங்கும்போது முள் சரசரவென்று ஏற வேண்டும். 20 வோல்ட்டைத் தாண்ட விடாதீர்கள்.

ஒன்றுமே காட்டாவிட்டால் பிரஷ். அரை வோல்ட், ஒரு வோல்ட்டிலேயே நின்றால் ஃபீல்டு காயில் (உள்ளே அசையாமல் இருந்து காந்தம் தரும் சுருள்). 4, 5 வோல்ட்டில் தேங்கினால் ஆர்மேச்சர் (நடுவில் சுற்றும் சுருள்). நன்றாக ஏறுகிறது, ஆனாலும் பேட்டரி இறங்குகிறது என்றால் கட்-அவுட் பெட்டியில், அதாவது டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பெட்டியில், கோளாறு. இந்தக் கடைசி வகையில் ஆல்டர்நேட்டர் செலவே தேவைப்படாமல் போகலாம்.

எத்தனை ஆம்பியர் வாங்க வேண்டும்?

ஏசி இல்லாத வண்டிக்கு 45. ஏசி போட்டிருந்தால் 65 அல்லது 70. அதற்கு மேல் வேண்டவே வேண்டாம்.

மழை இரவு ஒன்றைக் கணக்குப் போடுங்கள். இக்னிஷனுக்கு மூன்றரை ஆம்பியர். எச்4 ஹெட்லைட் பல்பு இரண்டும் ஹை பீமில் 120 வாட், அதாவது 9 ஆம்பியர். டெயில், பார்க்கிங், நம்பர் பிளேட், டேஷ்போர்டு விளக்குகள் சேர்த்து 3. வைப்பர் 3. பிரேக் மிதித்தால் 21 வாட் பல்பு இரண்டு, இன்னொரு 3. உள்ளே சின்ன ஃபேன் இரண்டரை. பாட்டும் போன் சார்ஜரும் 6. மொத்தம் 30. டைனமோவின் உச்சம் 22 என்பதை நினைத்துப் பாருங்கள். மீதி 8 ஆம்பியரைப் பேட்டரிதான் கொடுத்துக்கொண்டிருக்கிறது. இதோடு பேட்டரிக்கு ஏற வேண்டிய பத்து ஆம்பியரைச் சேர்த்தால் 40.

ஏசி வந்தால் கம்ப்ரஸர் கிளட்ச் 4, ப்ளோயர் 8 முதல் 10, கண்டென்ஸர் ஃபேன் இன்னொரு 8 முதல் 10. ஏசி வண்டியின் ஆல்டர்நேட்டர் கணக்கு 60-ஐத் தாண்டுவது இப்படித்தான்.

லேபிளில் இருக்கும் ஆம்பியர், ஆல்டர்நேட்டர் சுமார் 6000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது கிடைப்பது. ஐட்லிங்கில் அதில் பாதிகூட வராமல் போகலாம், சூடேறினால் இன்னும் குறையும். அதனால் 40 தேவைக்குச் சரியாக 40 வாங்காமல் கொஞ்சம் மேலே போகிறோம்.

90, 100 ஆம்பியர் மலிவாகக் கிடைக்கிறதே, பெரியதாகவே போட்டுவிட்டால்?

இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு இது. உங்கள் வண்டியில் இருப்பது ஒற்றை வி-பெல்ட். அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் ரேடியேட்டர் ஃபேனையும் சுற்றுகிறது. 100 ஆம்பியர் இழுத்தால் 1400 வாட் மின்சாரம். ஆல்டர்நேட்டரில் வீணாவதையும் சேர்த்தால் பெல்ட் வழியாக மூன்று குதிரைசக்திக்கு மேல் போக வேண்டும். சின்னப் புல்லியில் ஒற்றை பெல்ட் அதைத் தாங்காமல் வழுக்கும். வழுக்கினால் சார்ஜும் போகும், இன்ஜினும் கொதிக்கும். வழுக்காமல் இருக்க இறுக்கிக் கட்டினால் வாட்டர் பம்ப் பேரிங் போகும். 70-ல் நிறுத்திக்கொள்ளுங்கள்.

எந்த ஆல்டர்நேட்டர் சுலபமாக உட்காரும்?

முதல் தேர்வு, 1489 சிசி இன்ஜினிலேயே ஆல்டர்நேட்டரோடு வந்த பிற்கால அம்பாசிடரின் ஆல்டர்நேட்டரும் அதன் பிராக்கெட்டும். பழைய சாமான் கடைகளில் தேடினால் பிராக்கெட்டோடு சேர்த்தே கேளுங்கள், தனியாக வாங்கினால் பாதி வேலை லேத் பட்டறைக்குப் போய்விடும். சென்னை பாடியில் இயங்கும் லூகாஸ்-டிவிஎஸ் தயாரிப்புகளுக்கு ரெகுலேட்டர், பிரஷ், டயோடு பிளேட் எல்லாம் சின்ன ஊர்க் கடைகளிலும் கிடைப்பது பெரிய வசதி.

அடுத்தது மாருதி 800 வகை. எடை குறைவு, உருவம் சிறியது. பிராக்கெட் செய்துகொள்ள வேண்டும். இங்கிலாந்திலிருந்து பழைய லூகாஸ் ஏசிஆர் வரிசையை வரவழைப்பவர்களும் உண்டு: 16ஏசிஆர் 34 ஆம்பியர், 17ஏசிஆர் 36. தோற்றத்துக்கு அந்தக் காலத்தோடு ஒத்துப்போகும் என்பதைத் தவிர நம் ஊரில் அதற்கு ஒரு லாபமும் தெரியவில்லை.

வாங்கக் கூடாதவை மூன்று. பின்னால் வாக்குவம் பம்ப் ஒட்டிய டீசல் வண்டி ஆல்டர்நேட்டர். லாரியின் 24 வோல்ட் ஆல்டர்நேட்டர்; பார்க்க ஒரே மாதிரி இருக்கும், லேபிளைத் துடைத்துப் படியுங்கள். மூன்றாவது, இசியு (வண்டியின் கணினி) கட்டளை கொடுத்தால்தான் சார்ஜ் செய்கிற புதுக் கார்களின் ஆல்டர்நேட்டர்.

பாசிட்டிவ் எர்த் வண்டி. அப்படியே போடலாமா?

கூடாது. பாசிட்டிவ் எர்த் என்றால் பேட்டரியின் பிளஸ் முனை பாடியோடு இணைந்திருப்பது; நெகட்டிவ் எர்த்தில் மைனஸ் முனை. இங்கே கடையில் கிடைக்கும் ஆல்டர்நேட்டர் எல்லாம் நெகட்டிவ் எர்த். பாசிட்டிவ் எர்த்தில் பேட்டரி ஒயரை வைத்த நொடியில், கரண்ட்டை ஒரே திசையில் விடும் டயோடுகள் வெந்துவிடும். பிரிட்டிஷ் வம்ச வண்டிகள் பல பாசிட்டிவ் எர்த்தாக வந்தவை. நடுவில் யாராவது மாற்றியும் இருக்கலாம். ஆகவே பேட்டரியின் எந்த முனை பாடியில் போல்ட் செய்யப்பட்டிருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

மாற்றுவது அப்படியொன்றும் பெரிய வேலை அல்ல. பேட்டரியைத் திருப்பி வைத்து, இரண்டு கிளாம்ப்பையும் மாற்றுங்கள். பேட்டரியின் பிளஸ் முனை கொஞ்சம் தடிமன், மைனஸ் மெல்லியது, எனவே பழைய கிளாம்ப் ஒன்று ஏறாது, இன்னொன்று ஆடும். ஏறாததை உளி வைத்து அகட்டாமல் புதிதாக வாங்குங்கள். இக்னிஷன் காயிலின் இரண்டு சின்ன ஒயர்களையும் இடம் மாற்ற வேண்டும். இதை விட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனால் ஸ்பார்க் பலவீனம். சூடான இன்ஜினில் மிஸ்ஸிங் வரும்போது காரணம் புரியாமல் கார்புரேட்டரை நோண்டிக்கொண்டிருப்பீர்கள். அம்மீட்டரின் இரண்டு ஒயரையும் மாற்றுங்கள். பழைய ரேடியோவைக் கழற்றிவிடுங்கள். விளக்கு, ஹாரன், செல்ஃப் மோட்டார், பெட்ரோல் கேஜ் எதற்கும் திசை கிடையாது. காந்தம் வைத்த சின்ன மோட்டார் ஏதாவது பின்னால் போட்டிருந்தால் அது தலைகீழாகச் சுற்றும். ஒயரை மாற்றிக் கொடுங்கள்.

பிராக்கெட் வேலையில் எதைக் கவனிக்க வேண்டும்?

டைனமோ நீளமானது, ஆல்டர்நேட்டர் குட்டை. மேலே முன்னும் பின்னும் இரண்டு காதில் டைனமோ தொங்கும், கீழே பெல்ட் இறுக்கும் பட்டை. ஆல்டர்நேட்டரின் முன்காதை இன்ஜினின் முன் பிராக்கெட்டோடு சேர்த்தால், பின்காதுக்கும் பின் பிராக்கெட்டுக்கும் இடையே சந்து விழும். அந்தச் சந்தை இரும்புக் குழாய் ஸ்பேசரால் நிரப்பி, மிச்சத்தை மெல்லிய வாஷரால் சரி செய்ய வேண்டும்.

போல்ட்டை இறுக்கினால் சந்து தானாக மூடிக்கொள்ளும் என்று நினைத்தால் மூடத்தான் செய்யும், அலுமினியக் காது வளைந்து. சில நூறு கிலோமீட்டரில் ஒரு பள்ளத்தில் இறங்கும்போது காது ஒடியும். ஸ்பேசர் விரலால் தள்ளினால் உள்ளே போகிற அளவில் இருக்க வேண்டும், கையை எடுத்தால் கீழே விழக் கூடாது. அதுதான் சரியான அளவு.

வண்டியின் போல்ட்டுகள் யுஎன்எஃப் மரை (அங்குலக் கணக்கிலான நெருக்கமான மரை), 5/16 அங்குலம், அதாவது 8 மி.மீ.க்குச் சற்றே குறைவு. ஆல்டர்நேட்டரின் துளை 8 மி.மீ. என்றால் பரவாயில்லை. 10 மி.மீ. துளையென்றால் போல்ட் உள்ளே ஆடும்; லேத்தில் ஒரு ஸ்டீல் புஷ் கடைந்து அடியுங்கள். மெட்ரிக் போல்ட்டை யுஎன்எஃப் மரையில் பலவந்தமாக ஏற்றி பிளாக்கின் மரையைக் கெடுத்த வண்டிகள் ஊருக்கு இரண்டு இருக்கும்.

பிறகு நேர்கோடு. நீளமான ஸ்டீல் ஸ்கேலைக் கிராங்க் புல்லியின் முகத்தில் ஒட்டி வைத்து, ஆல்டர்நேட்டர் புல்லியை நோக்கிப் பாருங்கள். இரண்டு புல்லியின் விளிம்புத் தடிமன் ஒன்றாக இருக்காது; அதனால் முகத்தை அல்ல, பள்ளத்தின் நடுவை ஒப்பிட வேண்டும். ஒன்றரை மி.மீ.க்கு மேல் விலகினால் பெல்ட் ஒரு பக்கம் தேய்ந்து கறுப்புத் தூள் கொட்டும்.

டைனமோவின் புல்லியையே ஆல்டர்நேட்டரில் மாட்டலாமா?

வேண்டாம். டைனமோ அதிக வேகம் தாங்காது என்பதால் அதற்குப் பெரிய புல்லி. ஆல்டர்நேட்டருக்குச் சுற்று அதிகம் வேண்டும். உதாரணமாக, கிராங்க் புல்லி 130 மி.மீ., ஆல்டர்நேட்டர் புல்லி 65 மி.மீ. என்றால் விகிதம் 2. இன்ஜின் 700-ல் ஐட்லிங் ஆகும்போது ஆல்டர்நேட்டர் 1400-ல் சுற்றும், சார்ஜ் தொடங்கிவிடும். அதே இடத்தில் 90 மி.மீ. புல்லி இருந்தால் சுமார் 1000 ஆர்பிஎம்தான். சிவப்பு விளக்கு அணையவே அணையாது. மறுமுனையில், இன்ஜின் 5000 போனாலும் ஆல்டர்நேட்டர் 10,000, அதற்குள்தான். 55 மி.மீ.க்குக் கீழே போனால் பெல்ட் பிடிக்கும் பரப்பு குறைந்து வழுக்கும்.

பல பள்ளம் உள்ள தட்டைப் பெல்ட் புல்லியோடு வரும் ஆல்டர்நேட்டருக்கு வி-புல்லி கடைந்து மாற்ற வேண்டும். கிராங்க்கில் உள்ள பெல்ட்டின் அகலத்தை அளந்து, அதே அகலத்துக்குப் பள்ளம். பெல்ட்டின் மேல்முகம் புல்லி விளிம்போடு சமமாக நிற்க வேண்டும். அடியில் போய் உட்கார்ந்தால் பக்கச் சுவர் பிடிக்காது, எவ்வளவு இறுக்கினாலும் கத்தும்.

பெல்ட் நீளம்?

பழையது பொருந்தாது. ஆல்டர்நேட்டரை மாட்டி, இறுக்கும் பட்டையின் பள்ளத்தில் இன்ஜின் பக்கமிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் நிறுத்தி, புல்லிகளைச் சுற்றிக் கயிறு போட்டு அளந்து வாங்குங்கள். மீதி இரண்டு பங்கு, பெல்ட் நீளும்போது இறுக்க. நீண்ட பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 12 மி.மீ. இறங்க வேண்டும். புது பெல்ட் நீளும். 200 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்குங்கள்.

பழைய ஒயரிங்கிலேயே கொடுத்துவிடலாமா?

ஆல்டர்நேட்டர் மாற்றிய வண்டி தீப்பிடித்தால் பெரும்பாலும் இங்கேதான் தொடங்கும். பழைய ஒயர் 22 ஆம்பியருக்குப் போட்டது. வயதில் ரப்பரும் துணியும் காய்ந்து உதிர்ந்திருக்கும். இறங்கிய பேட்டரியோடு ஸ்டார்ட் செய்தால் 45 ஆம்பியர் ஆல்டர்நேட்டர் முதல் சில நிமிடங்கள் முழு மூச்சாகத் தள்ளும். அந்தக் கரண்ட் டேஷ்போர்டுக்குள் போய், அம்மீட்டர் வழியாகத் திரும்பி, பேட்டரிக்கு வருவது பழைய பாதை. நடுவில் ஒரு நட் தளர்வாக இருந்தால் போதும்.

புது கேபிளை ஆல்டர்நேட்டரின் பி பிளஸ் போல்ட்டிலிருந்து (சார்ஜ் கரண்ட் வெளியே வரும் பெரிய முனை) நேராகச் செல்ஃப் சோலனாய்டின் (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) பேட்டரி முனைக்கு இழுங்கள். 45 ஆம்பியருக்கு 10 சதுர மி.மீ. செம்பு, 70-க்கு 16. இரண்டு மீட்டர் நீளத்தில் இந்தத் தடிமன்களில் இழப்பு 0.15 வோல்ட் அளவுதான். 6 சதுர மி.மீ. போட்டு 60 ஆம்பியர் இழுத்தால் 0.37 வோல்ட் வழியிலேயே போய்விடும். கேபிளும் கையில் தெரிகிற அளவு சூடாகும்.

சோலனாய்டு முனையில், ஒரு சாண் தூரத்துக்குள், பியூஸ். 45-க்கு 60 ஆம்பியர், 65-க்கு 80, 70-க்கு 90. கண்ணாடி பியூஸ் அல்ல, போல்ட் செய்கிற பட்டை பியூஸ். கேபிள் முனையில் மாட்டும் லக்கைச் சுத்தியலால் தட்டி நசுக்காமல், கிரிம்ப் கருவி வைத்திருக்கும் பேட்டரி கடையில் கொடுத்து அமுக்கி வாங்குங்கள். பி பிளஸ் எப்போதும் உயிரோடு இருக்கும் முனை என்பதால் ரப்பர் தொப்பி கட்டாயம். வேலை தொடங்கும்போது பேட்டரி எர்த்தைக் கழற்றியிருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

கட்-அவுட் பெட்டியை என்ன செய்வது?

இனி அதற்கு வேலை இல்லை. ரெகுலேட்டர் ஆல்டர்நேட்டருக்கு உள்ளேயே இருக்கிறது. தோற்றத்துக்காகப் பெட்டியை விட்டுவைத்து ஒயர் சேரும் இடமாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் உள்ளே இருக்கும் காயில் தொடர்புகளை வெட்டிவிடுங்கள். விட்டால் அந்தக் காயில் வழியாக இரவெல்லாம் பேட்டரி ஒழுகும்.

ஏ, ஏ1, எஃப், டி, இ என்று ஐந்து முனை உள்ள ஆர்பி106 பெட்டிக்கான முறை:

ஏ முனைக்கும் ஏ1 முனைக்கும் வரும் ஒயர்களை ஒன்றாகச் சேருங்கள். ஏ பேட்டரியிலிருந்து வருவது, ஏ1 வண்டியின் விளக்கு, இக்னிஷனுக்குப் போவது. இரண்டும் சேராவிட்டால் வண்டியில் எதுவும் எரியாது.

டி முனையில் இரண்டு ஒயர் இருக்கும். தடிமனானது டைனமோவிலிருந்து வந்தது. புது கேபிள் இழுத்துவிட்டதால் அதன் இரு முனையையும் டேப் சுற்றி ஒதுக்குங்கள். மெல்லியது சிவப்பு விளக்குக்குப் போவது. அதைக் கழற்றி எஃப் ஒயரோடு சேருங்கள். எஃப் ஒயரின் மறுமுனை டைனமோ இருந்த இடத்தில் தொங்குகிறதல்லவா, அதுவே ஆல்டர்நேட்டரின் சின்ன முனைக்கு. லூகாஸில் அதற்கு ஐஎன்டி என்று பெயர், சிலவற்றில் டி பிளஸ், ஜப்பான் வகையில் எல்.

இ முனையின் கறுப்பு ஒயர் சும்மா இருக்கட்டும்.

நிறத்தை நம்பாதீர்கள். லூகாஸ் முறைப்படி பேட்டரிக்குப் பழுப்பு, டி-க்குப் பழுப்பு-மஞ்சள், எஃப்-க்குப் பழுப்பு-பச்சை. ஐம்பது வருடத்தில் எத்தனை எலக்ட்ரீஷியன் கை வைத்திருப்பார்களோ. டெஸ்ட் லாம்ப் வைத்து ஒவ்வொன்றையும் உறுதி செய்யுங்கள்.

ஆல்டர்நேட்டரில் ஐஜி, எல், எஸ் என்று மூன்று பின் இருக்கிறது. எதை எங்கே கொடுப்பது?

எல், சிவப்பு விளக்குக்கு. ஐஜி, சாவி போட்டால் உயிர் வரும் ஒயருக்கு. எஸ், சின்ன பியூஸ் வழியாக நேரே பேட்டரி பிளஸுக்கு. பேட்டரியின் வோல்ட்டை ரெகுலேட்டர் அங்கிருந்துதான் படிக்கிறது. எஸ்-ஐத் தொங்கவிட்டால் சில ரெகுலேட்டர்கள் சமாளிக்கும், சில கண்டபடி சார்ஜ் ஏற்றிப் பேட்டரித் தண்ணீரை வற்ற வைக்கும்.

அம்மீட்டர் முள் இப்போது மைனஸ் பக்கமே போகிறது. கோளாறா?

இல்லை. சார்ஜ் கரண்ட் இப்போது அம்மீட்டர் வழியாக வருவதில்லை, வண்டி எடுத்துக்கொள்வது மட்டும் அதன் வழியாகப் போகிறது. அதனால் அது இனி சார்ஜைக் காட்டாது. டேஷ்போர்டில் ஒரு வோல்ட் மீட்டரைப் பொருத்துங்கள், ஆல்டர்நேட்டர் வண்டிக்கு அதுதான் உருப்படியான தகவல். 30 ஆம்பியர் அம்மீட்டர் வழியாக 65 ஆம்பியரை அனுப்பித்தான் ஆவேன் என்று அடம்பிடிக்காதீர்கள்.

சிவப்பு விளக்குக்கு எல்இடி போடலாமா?

அந்தப் பல்பு வெறும் அடையாளம் அல்ல. 2.2 வாட் பல்பு வழியாகப் போகும் 0.18 ஆம்பியர்தான் ஆல்டர்நேட்டருக்குள் சுற்றும் ரோட்டருக்கு முதல் காந்தத்தைக் கொடுக்கிறது. எல்இடியில் அவ்வளவு போகாது. ஒரு முறை நன்றாக ஆக்சிலரேட்டர் மிதிக்கும் வரை சார்ஜ் தொடங்காது. பல்பு ஃபியூஸ் ஆனாலும் அதே தொல்லை. எல்இடிதான் வேண்டுமென்றால் அதற்கு இணையாக 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று போடுங்கள்.

எர்த்துக்கு என்ன?

இன்ஜின் ரப்பர் மவுன்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. பாடியோடு அதை இணைப்பது ஒரு பின்னல் பட்டை மட்டும். அது அறுந்திருந்தால் கரண்ட் சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் பாதை தேடும். சோக் கம்பியைத் தொட்டால் சுடுகிறது என்றால் காரணம் இதுதான். பட்டையைப் புதிதாகப் போட்டு, உட்காரும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் பளபளவென்று சுரண்டுங்கள். ஆல்டர்நேட்டர் பாடியிலிருந்து இன்ஜின் பிளாக்குக்குத் தனியாக ஒரு 10 சதுர மி.மீ. ஒயர் கொடுப்பதும் நல்லது, ஏனென்றால் புது பிராக்கெட்டுக்குப் பெயின்ட் அடித்திருப்பீர்கள்.

முதல் ஸ்டார்ட்டில் எந்த வரிசையில் சோதிப்பது?

பேட்டரியை வெளியே சார்ஜ் செய்து வைத்துக்கொள்ளுங்கள். செத்த பேட்டரியை உயிர்ப்பிப்பது ஆல்டர்நேட்டர் வேலை அல்ல.

இன்ஜின் நிற்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட் அளவு. சாவியைப் போட்டால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். இன்ஜினை 2000-ல் வைத்தால் பேட்டரி முனையில் 13.8 முதல் 14.4 வரை. அடுத்து ஹெட்லைட், வைப்பர், ஃபேன் எல்லாவற்றையும் போடுங்கள், 13.5-க்குக் கீழே இறங்கக் கூடாது.

இதே சுமையில், மீட்டரின் ஒரு முனை பி பிளஸ் போல்ட்டில், மறுமுனை பேட்டரி பிளஸில்: 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளிலோ லக்கிலோ இழப்பு. ஆல்டர்நேட்டர் பாடியிலிருந்து பேட்டரி மைனஸுக்கு 0.2-க்கு மேல் என்றால் எர்த். கடைசியாக மீட்டரை ஏசி வோல்ட்டில் (மாறுதிசை மின்சாரம்) வைத்துப் பேட்டரியில் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் ஏசி இருந்தால் டயோடு ஒன்று போயிருக்கிறது. பழைய சாமான் வாங்கியவர்கள் இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள்.

வண்டி ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றி சார்ஜ் பார்ப்பார்களே?

டைனமோ காலப் பழக்கம். இப்போது செய்தால் பேட்டரி என்ற மெத்தை இல்லாமல் வோல்ட் எகிறி, ரெகுலேட்டரும் டயோடும் போகும். வண்டியைப் பட்டறையில் விட்டால் மெக்கானிக்கிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெல்டிங் வேலைக்குக் கொடுக்கும்போதும் ஆல்டர்நேட்டர் ஒயர்களைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள்.

சாவியை எடுத்தாலும் இன்ஜின் நிற்கவில்லை.

சிவப்பு விளக்கு ஒயரில் பல்பு இல்லாமல் நேரடியாக இக்னிஷனோடு இணைத்திருக்கிறீர்கள், அல்லது இணையாகப் போட்ட ரெசிஸ்டர் மிகச் சின்னது. ஆல்டர்நேட்டர் திரும்பி இக்னிஷனுக்குக் கரண்ட் கொடுக்கிறது. பல்பைச் சரியாக நடுவில் வையுங்கள். இல்லாவிட்டால் அந்த ஒயரில் 3 ஆம்பியர் டயோடு ஒன்றை, வெள்ளிக்கோடு ஆல்டர்நேட்டர் பக்கம் இருக்கும்படி போடுங்கள்.

இரண்டு நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது.

சாவியை எடுத்து, கதவைச் சாத்தி, பேட்டரி மைனஸ் ஒயரைக் கழற்றி நடுவில் மீட்டரை மில்லி ஆம்பியரில் வையுங்கள். 50-க்கு மேல் இருந்தால் ஒழுக்கு. பி பிளஸைக் கழற்றியதும் குறைந்தால் ஆல்டர்நேட்டர் டயோடு. குறையாவிட்டால், கட்-அவுட் பெட்டியில் காயிலை வெட்ட மறந்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.

குளிர்ந்த இன்ஜினில் ஸ்டார்ட் செய்ததும் பெல்ட் கத்துகிறது.

சில நொடியில் நின்றால் பெல்ட் தளர்வு. நிற்காமல் கத்தினால் நேர்கோடு அல்லது புல்லிப் பள்ளம். பெல்ட்டில் சோப்பு, பவுடர் தடவுவது எதையும் தீர்க்காது.

ஓட்டும்போது ரேடியோவில் ஊய் என்று சத்தம், இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்குகிறது.

முதலில் ஏசி வோல்ட் சோதனை. அது சரியாக இருந்தால் ரேடியோவின் எர்த்தையும் பிளஸையும் நேராகப் பேட்டரியிலிருந்து, பியூஸோடு, கொடுங்கள்.

ஹெட்லைட் இப்போதும் மங்கல்தான்.

ஆல்டர்நேட்டர் 14 வோல்ட் கொடுத்தாலும் பழைய லைட் சுவிட்ச் வழியாகப் போகும் பாதையில் ஒன்றரை, இரண்டு வோல்ட் தொலைவது சாதாரணம். ஹை, டிம் இரண்டுக்கும் ஆளுக்கொரு ரிலே, 2.5 சதுர மி.மீ. ஒயர், பியூஸ். வெளிச்சத்தில் இதனால் கிடைக்கும் மாற்றம் ஆல்டர்நேட்டரால் கிடைப்பதைவிட அதிகம். செலவோ அதில் ஒரு சின்னப் பங்கு.

கழற்றிய டைனமோவை எடைக்குப் போட்டுவிடலாமா?

போடாதீர்கள். கண்காட்சிக்கு வண்டியை எடுத்துப் போகும்போது அசல் பாகம் கேட்பார்கள், விற்கும்போதும் மதிப்பு. டைனமோ, பெட்டி, பழைய பெல்ட், பிராக்கெட், அந்தந்த போல்ட் எல்லாவற்றையும் ஒரே பையில். புஷ்ஷில் ஆயில் விட்டு, பிரஷ்ஷைக் கம்யூட்டேட்டரை (அது உரசும் செம்பு உருளை) அழுத்தாதபடி ஸ்பிரிங்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, எந்த ஒயர் எந்த முனையில் இருந்தது என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே போட்டுவிடுங்கள்.